ரோசாப்பூ வச்ச கியர்

சத்தியமாச் சொல்றேண்ணே. நான் இப்பச் சொல்லப்போறதுல ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லு பொய்யா இருந்தா, பின்னாடி கெடக்குற பிளாஸ்டிக் குடம் அம்புட்டும் ஓட்டையாப் போகட்டும். ஸ்டியரிங்க விட்டுட்டு ரெண்டு கையாலயும் அடிச்சு சத்தியம் பண்ணிருவேன், நீங்கதான் பயந்துபோயிக் கதவத் தொறந்து குதிச்சுருவீக. கால நல்லா நீட்டி உக்காருங்க. அந்த வாளிய மடியில வச்சுக்கங்க. பரவால்ல, புது வாளிதான்.

நீங்க ஏறுனதுல இருந்து எம்மூஞ்சியவே பாக்கல. கியரத்தான் பாக்குறீக. எல்லாரும் அப்பிடித்தாண்ணே. பஸ்ஸ விட்டுட்டு மேலூர் ரோட்டுல பையத் தூக்கிக்கிட்டு நிக்கிறாகளேன்னு ஏத்துனா, உக்காந்ததும் மொதக் கேள்வி, "ஏம்ப்பா, கியர் உச்சியில என்னப்பா ரோசாப்பூ?" நீங்க வாய் தொறந்து கேக்கல. மரியாதக்காரரு. ஆனா கண்ணு கேக்குதுல்ல?

சொல்றேன். உங்க ஊரு வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன். முடியலேன்னா வண்டிய மெதுவா ஓட்டுவேன்.

எம்பேரு வெள்ளைக்கண்ணு. மூணாப்பு வரைக்கும் படிச்சேன். அதுக்கு மேல வாத்தியாரு போதும்னுட்டாரு. நான் கேக்கல, அவராத்தான் சொன்னாரு. குடம், வாளி, அன்னக்கூடை, முக்காலி, இதான் யாவாரம். மத்தவன் பூராம் குட்டியானை வண்டியில போட்டு விக்கிறான். அது சாமான் வண்டிண்ணே. இது காரு. பழைய காருதான், இருந்தாலும் காரு காருதானே? நான் தெருவுக்குள்ள நொழஞ்சா "காரு வந்துருச்சு"ன்னுதான் சனம் சொல்லும். "குடக்காரன் வந்துட்டான்"னு ஒருத்தியும் சொல்ல மாட்டா. மேல பாத்தீகளா, ரெண்டு ஒலிபெருக்கி? மைக்கு இந்தா, உங்க மொழங்காலுக்குப் பக்கத்துல. மிதிச்சுராதீக. நான் பொழைக்கிறது அதுலதான்.

எம்பொண்டாட்டி பாண்டிச்செல்வி. அவளுக்கு ஒரு தம்பி, சோணைமுத்து. மேலூர்ல கார் பட்டறை வச்சிருக்கான். நல்ல மெக்கானிக்கு, இல்லேங்கல. ஆனா ஒரு மனுசனுக்குத் தெரிய வேண்டியது அவனுக்குத் தெரியலண்ணே. என்னன்னு கேளுங்க.

புதுவீடு கட்டிப் பால் காய்ச்சுனான். நான் யாரு? அக்கா புருசன். அந்த வீட்டு மாப்பிள்ளை. சட்டையெல்லாம் தேச்சுப் போட்டுக்கிட்டுப் போயி நிக்கிறேன். பந்தி போடுறாக. நான் போயி உக்காரப் போறேன், இவன் ஓடியாந்து கையப் புடிக்கிறான். "மாமா, சித்தப் பொறுங்க. வீடு கட்டுன கொத்தனாரு, சித்தாளு எல்லாம் பசியோட நிக்கிறாக. அவுக மொதப் பந்தியில உக்காரட்டும்"ங்கறான். சரிப்பா, நியாயந்தான். பொறுத்தேன். ரெண்டாம் பந்தியில உக்காந்தேன். எல போட்டாக. சோறு வந்துச்சு, சாம்பாரு வந்துச்சு, ரசம் வந்துச்சு, மோரும் வந்துருச்சு. பாயாசத்தக் காணோம். "மாப்ள, பாயாசம் எங்கடா?"ன்னேன். "தீந்துபோச்சு மாமா"ங்கறான். அத்தோட விட்டானா? காலி அண்டாவத் தூக்கியாந்து எனக்கு முன்னாடிச் சாய்ச்சுக் காட்டுறான்ணே! சாட்சிக்காம்!

அங்கனயே எந்திரிச்சுச் சொன்னேன். "இனிமே ஒம்பட்டறை வாசல்ல எங்காரு வந்து நிக்காது." அதுக்கு அவன் என்ன சொல்றான்? "காருக்கும் பாயாசத்துக்கும் என்ன மாமா சம்பந்தம்?" பாத்தீகளா? ஐடிஐ படிச்ச திமிரு.

அதுல இருந்து பேச்சுவார்த்த கெடையாது. நான் கோவக்காரன் இல்லண்ணே. யாரு கிட்ட வேணும்னாலும் கேளுங்க. அந்தப் பாயாசத்த நான் மறந்தே போயிட்டேன். சேமியாப் பாயாசம். முந்திரி, கிஸ்மிஸ் போட்டு, ஏலக்காய் வாசம் தெருமொனை வரைக்கும் வந்துச்சு. அதெல்லாம் மறந்துட்டேன்.

இருங்க, ஆடு குறுக்க வருது. போம்மா தாயி, போ. ஆடுகூட நம்ம காருக்கு நின்னு மரியாத குடுத்துட்டுத்தான் போகுது.

ஆங், கியரு. இதுல முன்னாடி இருந்துச்சே கம்பெனி உருண்டை, கடையில அத நாப்புங்கறாக, நமக்கு உருண்டை. அதுல ரப்பர் உரிஞ்சுபோயி வெயிலுக்குப் பிசுபிசுன்னு கையில ஒட்டும். தார் மாதிரி. அந்தக் கையோட போயிக் குடத்தத் தூக்குனா, புதுக்குடத்துல அஞ்சு விரலும் அச்சடிச்ச மாதிரி விழுகுது. பொம்பளைக சும்மா இருப்பாகளா? "ஏ, பழைய குடத்தக் கழுவிக் கொண்டாந்து விக்கிறான்டி"ங்கறாக. தார் ஊத்துற வேலைக்கா வந்திருக்கேன், நான் கார்க்காரன்ணே!

பாண்டிச்செல்வி சொல்றா, "தம்பி பட்டறைக்குக் கொண்டுபோனா ஒரு நிமிசத்துல மாத்திக் குடுத்துருவான்." "ஒந்தம்பி மொதல்ல பந்திய மாத்தட்டும்"னேன். அடுப்படிக்குள்ள போயிட்டா. அவ பேசலேன்னா ஒத்துக்கிட்டான்னு அர்த்தம்.

மதுரைக்குச் சரக்கெடுக்கப் போனப்ப கார் சாமான் கடைக்குள்ள நொழஞ்சேன். எம்புட்டு தினுசு! மண்டையோடு இருக்கு, சிங்கம் இருக்கு, கண்ணாடி உருண்டைக்குள்ள நிசத் தேளு ஒண்ணு கொடுக்கத் தூக்கிக்கிட்டு நிக்கிது. எனக்கு மண்டையோட்டு மேலதான் ஆச. ஆனா பொம்பளைகளோட யாவாரம். மண்டையோட்டப் பாத்தவ நம்ம குடத்துல குடிதண்ணி புடிப்பாளா? அதான் ரோசாப்பூ. பாருங்க, எதழ்ல பனித்துளி கூட இருக்கு. தொடணும்னா தொட்டுப் பாருங்க. இப்ப வேணாம், மூணாவது கியர்ல இருக்கு.

கடக்காரப் பய என்னமோ தொணதொணன்னு கேட்டான். "அண்ணே, ஒங்க கியர்ல வளையம் இருக்கா? தூக்கிப் போடுற மாடலா?" நான் சொன்னேன், "எங்காருல எல்லாம் இருக்கு தம்பி. நீ பூவக் குடு."

இந்த நேரம் பாத்துத்தான் எம்மகளுக்குக் காதுகுத்து வருது. ஒத்த மக. கல்யாணமாகி ரொம்ப வருசம் கழிச்சு, கோயில் கோயிலா ஏறி எறங்கிப் பெத்த புள்ள. தன்ஷிகான்னு பேரு. வச்சது அவ அம்மா. எனக்கு வாய்க்குள்ள நொழையல, நான் குட்டச்சின்னுதான் கூப்புடுறது. எங்க சாமி கண்மாய்க்கரையில இருக்குற கருப்பு. அங்கதான் மொட்ட, அங்கதான் காதுகுத்து. காதுகுத்துன்னா தாய்மாமன் மடி வேணும்ல? உங்களுக்குத் தெரியாததா. தாய்மாமன் மடியில வச்சாத்தான் ஆசாரி ஊசிய எடுப்பாரு. வேற மடியில வச்சா ஊரே சிரிச்சுரும். இருக்குறது ஒரே ஒரு தாய்மாமன். அவன் யாரு? அண்டாவச் சாய்ச்சுக் காட்டுனவன்.

பாண்டிச்செல்வி அழுகுறா. "எந்தம்பி மடியில்லாம எம்புள்ள காதுல ஊசி ஏறாது. நீங்க போயி வெத்தல பாக்கு வச்சு அழைங்க." அழைக்கிற மொறைன்னா அதானே, வீடு தேடிப் போயித் தட்டுல வெத்தல பாக்கு வச்சுக் கூப்புடணும். நான் மாட்டேன்னுட்டேன். கடைசியில அவளே போன்ல கூப்பிட்டா. நான் பக்கத்துல நின்னு இருமுனேன். அதுவும் அழைப்புல சேத்திதானேண்ணே?

காதுகுத்துக்கு மொத நாள். சொந்தபந்தம் பூராம் வந்து எறங்கப்போகுது. காருக்குள்ள ரோசாப்பூ இருந்தா எம்புட்டு கௌரவம்! இன்னைக்கே மாட்டிருவோம்னு வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு உக்காந்தேன்.

பழைய உருண்டையப் புடிச்சு எடப்பக்கம் திருகுறேன். அசையல. துணி சுத்தித் திருகுறேன். அசையல. சீட்டுல சாஞ்சுக்கிட்டு ரெண்டு காலையும் முன்னாடி உதச்சுக்கிட்டு, பிரசவம் பாக்குற மாதிரி இழுக்குறேன், ம்கூம். பாண்டிச்செல்வி வந்து எட்டிப் பாத்து, "சுடுதண்ணியில துணிய நனச்சுச் சுத்துங்க, எளகும்"னா. "ஒனக்கு என்ன தெரியும்? இது இட்லிச் சட்டியா?"ன்னு வெரட்டிவிட்டேன். அப்பறம் எனக்கா ஒரு ஓசன தோணுச்சு. சுடுதண்ணியில துணிய நனச்சுச் சுத்துனா என்ன? சுத்துனேன். ஒரு திருகு, படக்குன்னு கையோட வந்துருச்சு! வந்த வேகத்துல மொழங்கை மைக்கு சுச்சுல இடிச்சு, நான் "அய்யோ ஆத்தா"ன்னு கத்துனது ஊருக்கே கேட்டுச்சு. பக்கத்துத் தெருவுல இருந்து ஆளுக ஓடியாந்துட்டாக, யாரு செத்தான்னு.

பாருங்கண்ணே, மூள இருந்தா எதுவும் செய்யலாம். பட்டறை எதுக்கு?

உருண்டைக்குக் கீழ ஒரு வளையம் இருந்துச்சு. வளையத்துக்குக் கீழ நீளமா ஒரு பிளாஸ்டிக் குழாய்த்துண்டு. ரெண்டும் ஒண்ணாக் கழண்டு வந்துச்சு, பொம்மைக்குக் கொட புடிச்ச மாதிரி. கம்பெனிக்காரன் சும்மா அழகுக்கு வச்சுவிட்ருக்கான். அது இருந்தா ரோசாப்பூ கீழ எறங்கி உக்கார மாட்டேங்குது. எடுத்துட்டேன். எனக்கு இந்தக் காரு வித்தவன் ஓட்டிக் காட்டுனப்ப, ரிவர்ஸு போடும்போதெல்லாம் அந்த வளையத்த ரெண்டு வெரலால மேல தூக்கித் தூக்கிப் போடுவான். ஸ்டைலு. அதப் பாத்து எனக்கும் அதே கைப்பழக்கம் வந்துருச்சு. எல்லாம் வெட்டிப் பழக்கம்தானே? குட்டச்சி கேட்டு அழுதுச்சு, வளையத்தையும் குழாயையும் அது கையில குடுத்துட்டேன். வாயில வச்சுச் சப்பிக்கிட்டுத் திரிஞ்சுச்சு.

ரோசாப்பூவ மாட்டி, கடக்காரன் கூடக் குடுத்த வளைஞ்ச சாவியால பொடி ஆணி மூணையும் முறுக்கி முடிச்சேன். அடடா! மொதக் கியர் வெண்ண. ரெண்டு வெண்ண. மூணு, நாலு, வெண்ண. ரிவர்ஸு மட்டும் விழுகல. புதுசுண்ணே! புதுச்செருப்பு கடிக்கிறதில்லையா? நாலு நாள்ல தானா எளகும்னு விட்டுட்டேன்.

அடடே, திரும்ப வேண்டிய எடத்த விட்டுட்டமே. அந்தப் புளியமரத்துக்கிட்ட திரும்பணுமா? பரவால்லண்ணே, பின்னாடி எடுக்க வேணாம். இப்பிடியே முன்னாடி போயி, கருங்காலக்குடியச் சுத்தி, கண்மாயச் சுத்தி, மறுபடி இங்கனயே வந்துருவோம். காத்தோட்டமா இருக்கும். கதைக்கும் நேரம் கெடைக்கும்ல?

காதுகுத்து அன்னைக்குக் காலையில பாத்தா, காரு சந்துக்குள்ள செவத்தப் பாத்து நிக்கிது. பின்னாடிதான் வரணும். ரிவர்ஸு வர மாட்டேங்குது. நான் தலையில துண்டக் கட்டிக்கிட்டு உள்ள உக்காந்துக்கிட்டேன். பட்டுச்சேல கட்டுன சித்தி, அத்தை, மதினிமாரு பூராம் முன்னாடி நின்னு தள்ளுறாக. ஒரு சித்திக்குச் செருப்பு அந்துபோச்சு, ஒரு மதினிக்குக் கொண்டை அவுந்துபோச்சு. வண்டியில ரோசாப்பூ இருக்குங்கற மரியாதகூட இல்லாமத் திட்டுறாக. வெளிய வர்றதுக்குள்ள நேரமாயிருச்சு. வெள்ளிக்கிழமை வேற. பத்தரைக்கு ராகு காலம் ஏறிரும்.

கண்மாய்க்கரையில ஏறிட்டோம். நீங்க பாத்திருக்க மாட்டீக. ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் கீழ வயலு. நடுவுல ஒத்த வண்டி போற அகலம். கோயிலு அந்தக் கடைசியில. பாதித் தூரம் போயிருப்போம், எதுத்தாப்புல ஒரு குட்டியானை வண்டி வருது. பின்னாடி சீர்த்தட்டு. பழம், பூ, குட்டச்சிக்குப் பட்டுப்பாவாட. தட்டப் புடிச்சுக்கிட்டு நாலஞ்சு பொம்பளைக. ஓட்டுறது யாரு? சோணைமுத்து.

வந்திருக்கான்ணே! சீரோட வந்திருக்கான். கோயில்ல காத்துக் கெடந்திருக்கான். "போன்ல கூப்பிட்டாக, போகட்டும்னு வந்தேன். வந்தா வாங்கன்னு சொல்ல வாசல்ல ஒரு ஆளக் காணோம்"னு கோவிச்சுக்கிட்டுச் சீரத் திருப்பிக் கொண்டு போறான். பாண்டிச்செல்வி எம்பக்கத்துல, நீங்க உக்காந்திருக்கீகளே, அந்த எடத்துல. மடியில குட்டச்சி. தம்பி சீரோட திரும்பிப் போறதப் பாத்ததும் அவ மூஞ்சி செத்துப்போச்சு. "அய்யய்யோ, போறான்டி"ங்கறா. யாருகிட்டச் சொல்றான்னே தெரியல, காருக்குள்ள வேற பொம்பள கெடையாது.

ரெண்டு வண்டியும் மூக்கோட மூக்கு முட்டி நின்னுருச்சு. யாராவது ஒருத்தன் பின்னாடி எடுக்கணும். அவன் ஹாரன் அடிக்கிறான். நான் அடிக்கிறேன். அவன் தலைய நீட்டி, "பின்னாடி எடுக்கச் சொல்லுக்கா!"ங்கறான். பாருங்க, எங்கிட்டப் பேச மாட்டானாம், அக்காகிட்டச் சொல்றான். நான் மட்டும் எளப்பமா? மைக்க எடுத்தேன். "அன்பார்ந்த சோணைமுத்து அவர்களே! இது கார்! பெரிய வண்டிதான் சின்ன வண்டிக்கு வழி விடணும்! தயவுசெய்து ஒதுங்கவும்!" கண்மாய் பூராம் எதிரொலிக்குது. கொக்கெல்லாம் பறந்துபோச்சு.

எனக்கு ரிவர்ஸு விழுகாதுன்னு அவன்கிட்டச் சொல்ல முடியுமாண்ணே? ஒரு மெக்கானிக்கு கிட்ட? வீட்டுல நானே மாட்டுனேன்னு ஊரு பூராம் சொல்லி வச்சிருக்கேன்.

அவன் எஞ்சின ஆஃப் பண்ணிட்டுக் கையக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டான். நானும் கையக் கட்டிக்கிட்டேன். கட்டும்போது சுச்சு பட்டு ரெக்கார்டு ஓட ஆரம்பிச்சுருச்சு. எங்கொரல்தான். "வாங்கம்மா வாங்க! குடம், வாளி, அன்னக்கூடை! விழுந்தாலும் ஒடையாது, வெயில்ல போட்டாலும் வெளுக்காது! ஓடி வாங்கம்மா, வண்டி கெளம்பப் போகுது!" கெளம்புற மாதிரியா நிக்கிது? கீழ வயல்ல நாத்து நட்டுக்கிட்டிருந்த பொம்பளைக கால்சேத்தோட கரையேறி வந்துட்டாக. "ஏப்பா, மூடி போட்ட வாளி இருக்கா?" குட்டச்சி அழுகுது, பாண்டிச்செல்வி அழுகுறா, சீர்த்தட்டுப் பொம்பளைக திட்டுறாக. நீங்க நம்ப மாட்டீக, அந்த எடத்துலயும் ரெண்டு வாளி வித்தேன். நம்ம தொழிலு அப்பிடி.

திரும்பிப் பாத்தா பக்கத்துல பாண்டிச்செல்வியக் காணோம். எறங்கிப் போயிட்டா. விறுவிறுன்னு நடந்து போயித் தம்பி வண்டி சன்னல்ல தலைய விட்டு என்னமோ சொல்றா. கைய இப்பிடித் திருகுற மாதிரி காட்டுறா. எங்காரக் காட்டுறா. அம்புட்டுத்தான். அவன் நிமிந்து என்னையப் பாத்தான். கியரப் பாத்தான். அப்பிடியே ஸ்டியரிங் மேல தலைய வச்சுக் கவுந்துட்டான். தோளு ரெண்டும் குலுங்கோ குலுங்குன்னு குலுங்குது. எனக்கே மனசு கேக்கலண்ணே. பாவம், செஞ்சத நெனச்சு அழுகுறான் போலன்னு இருந்துச்சு.

அப்பறம் என்ன செஞ்சான் தெரியுமா? எஞ்சினப் போட்டான். கண்ணாடியப் பாத்தான். சீர்த்தட்டு, பொம்பளைக, பழம், பூ அம்புட்டையும் வச்சுக்கிட்டு, அந்தக் கண்மாய்க்கரை நெடுகக் கோயில் வரைக்கும் பின்னாடியே போனான்ணே! பின்னாடியே! ஒரு எடத்துலயும் கோணல. நான் முன்னாடி மெதுவா, ஊர்வலம் போற மாதிரி ஓட்டிக்கிட்டுப் போறேன். அவன் என்னையப் பாத்துக்கிட்டே போறான், நான் அவனப் பாத்துக்கிட்டே போறேன். கோயில் வாசல்ல சனம் பூராம் பாக்குது. யாரு ஜெயிச்சா? நீங்களே சொல்லுங்க. நான் ஒரு சாண் பின்னாடி எடுக்கல.

ராத்திரி அவகிட்டக் கேட்டேன், "என்னடி சொன்ன ஒந்தம்பிகிட்ட?" "ஒங்க மாமா இன்னைக்கு முழுக்க அங்கனயே நிப்பாரு, வேற வழி கெடையாதுன்னு சொன்னேன்"ங்கறா. அம்புட்டு மதிப்பு வச்சிருக்கா எம்மேல.

ராகு காலத்துக்குக் கொஞ்சம் முன்னாடி உக்கார வச்சாச்சு. தாய்மாமன் மடியில குட்டச்சி. மொட்டத் தலையில சந்தனம், புதுப்பாவாட. ஆசாரி ஊசிய எடுத்தாரு. குட்டச்சி மைக்கில்லாமயே கண்மாய்க்கு அக்கரை வரைக்கும் கேக்குற மாதிரி கத்துது. எங்கொரலு அப்பிடியே வந்திருக்கு. கையில இருந்த சாமான மட்டும் விடல. அதான், அந்த வளையமும் குழாயும். சோணைமுத்து சமாதானம் பண்றேன்னு அதப் புடிச்சு ஆட்டிக் காட்டுனான். ஆட்டுனவன் அப்பிடியே நிறுத்திட்டான். வளையத்தப் பாக்குறான். என் காரப் பாக்குறான். என்னையப் பாக்குறான். கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டுது! வாய்க்குள்ள துண்டத் திணிச்சுக்கிட்டான். ஊசி குத்துனது புள்ளைக்கு, அழுகுறது மாமன். மருமக மேல அம்புட்டுப் பாசம்ணே. பாத்த சனம் பூராம் கண்ணத் தொடைக்குது. நானும் தொடைச்சேன்.

பந்தி போட்டாக. நான் வேணும்னே ஒதுங்கி நின்னேன், பாப்போம்னு. சோணைமுத்து நேரா வந்தான். என் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி மொதப் பந்தி, மொத எலையில உக்கார வச்சான். "எங்க மாமாவுக்கு முன்னாடி இங்க யாரும் உக்காரப்புடாது"ன்னு சத்தம் போட்டுச் சொன்னான். சோறு வர்றதுக்கு முன்னாடியே பாயாச வாளியத் தூக்கியாந்து அவன் கையால ஊத்துறான். போதும் மாப்ளங்கறேன், ஊத்துறான். எலயத் தாண்டி ஓடுது, ஊத்துறான். முந்திரி எல்லாம் எனக்குத்தான். மனுசன் மனுசன மதிச்சா இப்பிடித்தாண்ணே இருக்கணும்.

குனிஞ்சு காதுல சொல்றான், "மாமா, ஒருநா பட்டறைப் பக்கம் வாங்க. வரும்போது குட்டச்சி கையில இருக்கதையும் கொண்டாங்க." "எதுக்குடா? புள்ள வெளையாட்டுச் சாமான் பட்டறையில எதுக்கு? நீ வெளையாடவா?"ன்னேன். மறுபடியும் அந்தத் துண்ட எடுத்து வாயில திணிச்சுக்கிட்டு ஓடிட்டான். கொஞ்ச நாளா அவனுக்கு அந்தப் பழக்கம் வந்திருக்கு. என்னையப் பாத்தாலே துண்டக் கடிக்கிறான்.

போகலேண்ணே. போறதுக்கு என்ன, சமாதானம் ஆயாச்சு. பாயாசமும் ஆயாச்சு. ஆனா நல்லா ஓடுற வண்டிய எதுக்குப் பட்டறைக்குக் கொண்டுபோறது? ரிவர்ஸு இன்னும் எளகலதான். எளகும். அதுக்குள்ள நமக்கு யாவாரமே கூடிப்போச்சு. தெருவுக்குள்ள போவேன், மொனையில நிக்கும், "ஏத்தா, ஒரு கை குடுங்க"ன்னு மைக்குல சொல்லுவேன். தள்ளுனவளுக்கு ஒரு செம்பு எனாம். எனாம் வாங்க வந்தவ ஒரு குடமும் எடுத்துட்டுத்தான் போவா. இப்ப நான் போனாப் பொம்பளைக சேலைய இழுத்துச் செருகிக்கிட்டுத் தயாரா நிக்கிறாக. கூட வர்ற அன்னைக்குக் குட்டச்சியும் முன்சீட்டுல நின்னுக்கிட்டு அந்த வளையத்தத் தூக்கித் தூக்கிக் காட்டும், "அப்பா, இது, இது"ன்னு. அதுக்கு வெளையாட்டு.

இந்தா, வந்துருச்சு உங்க ஊரு. எந்தத் தெரு? இதுக்குள்ளயா? சரி, வாசல்லயே எறக்கிவிட்டுர்றேன். பையோட நடக்க வேணாம். பச்சக் கேட்டு வீடா? இந்தா வந்துட்டோம்.

ஏண்ணே... இது முட்டுச்சந்தா?

சொல்லக் கூடாதாண்ணே மொதல்லயே! சரி விடுங்க. நல்லதுக்குத்தான். இல்ல, இல்ல, சட்டப்பையில கைய விடாதீக. காசெல்லாம் வேணாம், ஆத்தா சத்தியமா வாங்க மாட்டேன். ஏத்தியாந்ததுக்கு எதுவும் வேணாம். ஆனா கதைக்குக் கூலி உண்டுல்ல? ஓசியில கேட்டுட்டுப் போனாக் கருப்பு கண்ணக் குத்திரும். பைய வாசல்ல வைங்க. வாளிய இங்க குடுங்க. வேட்டிய நல்லா மடிச்சுக் கட்டிக்கங்க. முன்னாடி வந்து அந்த ரெண்டு வெளக்குக்கும் நடுவுல கைய வைங்க. ஆங், அங்கனதான். வீட்டுல யாரு இருக்காக? மதினி இருக்காகளா? கூப்புடுங்க. எதுத்த வீட்டு அண்ணனையும் கூப்புடுங்க, அவருக்கு நான் ஞாயித்துக்கிழம வந்து கதையச் சொல்லிக்கிறேன், இப்பவே கூலியக் குடுத்துரச் சொல்லுங்க.

ம்... எல்லாரும் சேந்து... மைக்குல சொல்றேன், அப்பத் தள்ளுங்க. ரோசாப்பூ குலுங்காமத் தள்ளணும், ஆமா!